முத்துவையும் சின்னுவையும் பெர்லின் சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

முத்து என்ற வேளச்சேரித் தெருநாயும், மழைக்கு எங்கள் மாடிப்படியில் ஒதுங்கிய சின்னு என்ற பூனையும் பெர்லினுக்குக் குடிபெயர எத்தனை பேர் பாடுபட வேண்டியிருந்தது என்று நினைத்தால் எங்களுக்கே மலைப்பாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

"யார்கிட்டயாவது விட்டுட்டுப் போங்க, அங்க போய் வேற வாங்கிக்கலாம்" என்று சொன்ன சொந்தக்காரர்களுக்கும் வணக்கம். உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் இந்த மடல் உங்களுக்கல்ல.

முதல் நன்றி டாக்டரம்மாவுக்கு. என் கணவருக்கு வேலை உறுதியான அன்றே உங்களிடம் ஓடிவந்தோம். நீங்கள் வாழ்த்துச் சொல்லவில்லை, காலண்டரை எடுத்தீர்கள். "சிப் முதல்ல, ஊசி அப்புறம். மாத்திப் போட்டா செல்லாது." முத்துவுக்கு வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தோமே என்றோம். 15 இலக்க மைக்ரோசிப் உடம்பில் ஏறுவதற்கு முன் போட்ட எந்த ஊசியையும் ஐரோப்பிய ஒன்றியம் கணக்கில் எடுக்காது என்று பொறுமையாக விளக்கினீர்கள். சிப், அப்புறம் ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம், அது ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போய் எதிர்ப்புச் சக்தி 0.5 அலகுக்குக் குறையாமல் இருக்கிறது என்று வர வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை தேவையில்லாத நாடுகள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லாததால்தான் இவ்வளவும். "டெஸ்டெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்று பெரிய தொகை கேட்ட ஒரு ஏஜென்ட்டிடம் நாங்கள் சிக்காமல் போனது அந்தக் காலண்டரால்தான்.

இன்னொன்றும் உண்டு. விமானத்தில் கத்தாமல் இருக்க மயக்க மருந்து கொடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னபோது நீங்கள் கடைசிவரை மறுத்துவிட்டீர்கள். பறக்கும்போது ரத்த அழுத்தமும் மூச்சும் குறைந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டீர்கள். மருந்துக்குப் பதில், தினமும் சோற்றைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னீர்கள். பிறகு முத்து மதியத் தூக்கத்துக்கே பெட்டியைத் தேடிப் போக ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பெட்டியைச் செய்த ஆசாரி அண்ணனுக்கு அடுத்த நன்றி. கடையில் கிடைத்த பிளாஸ்டிக் கூண்டில் முத்து நின்றால் காது கூரையில் இடித்தது. நிற்க, திரும்ப, படுக்க இடம் இருந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். நீங்கள் நாற்காலி செய்கிறவர், நாய்ப்பெட்டி செய்து பழக்கமில்லை. ஆனாலும் நாங்கள் நீட்டிய விதித்தாளை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் காற்றுத்துளை போட்டீர்கள், வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற வழி வைத்தீர்கள். உள்பக்கம் ஒரு சிலாம்புகூட இல்லாமல் இழைத்தும் கொடுத்தீர்கள். அளவெடுக்க வந்த அன்று முத்து உங்கள் இஞ்ச் டேப்பைக் கடித்துவிட்டான். அதற்கும் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கரணை விலங்கு குவாரன்டைன் அலுவலகத்து அதிகாரி ஐயா, உங்கள் உதவி சிறிய உதவியல்ல. தடுப்பூசிப் புத்தகத்தில் சின்னுவின் சிப் எண்ணில் 6ம் 9ம் இடம் மாறியிருந்தன. அத்தனை பேர் பார்த்த தாள், யார் கண்ணிலும் படவில்லை. நீங்கள் ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்துப் படித்தீர்கள். அப்படியே போயிருந்தால் பிராங்பர்ட்டில் சிப்பைப் படிக்கும் கருவி ஒரு எண்ணும் தாள் ஒரு எண்ணும் சொல்லியிருக்கும். நீங்கள் தரும் உடல்நலச் சான்றிதழ் கையெழுத்தான பிறகு 10 நாளுக்குள் ஐரோப்பாவில் கால் வைக்க வேண்டும், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. "கிளினிக்ல திருத்தி சீல் வாங்கிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றீர்கள். அலுவலக நேரம் முடிந்தும் இருந்தீர்கள். அரசு அலுவலகம் என்றால் முகம் சுளிக்கிற என் அப்பா அன்றிலிருந்து பேச்சை மாற்றிக்கொண்டார்.

மீனம்பாக்கத்தில் பாதுகாப்புச் சோதனையில் இருந்த சிஐஎஸ்எஃப் அம்மணிக்கும் நன்றி. சின்னு என்னோடு பயணிகள் பகுதியில் வந்தாள். பை எக்ஸ்ரேக்குள் போகும், பூனையைக் கையில் எடுத்துக்கொண்டு நான் சோதனை வாசலைக் கடக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் அவள் கைநழுவினால் அவ்வளவுதான். நீங்கள் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்திவிட்டு, "இப்போ எடுங்க" என்றீர்கள். உங்கள் வீட்டில் கட்டாயம் பூனை இருக்கும்.

முத்து சரக்குப் பிரிவில் வந்தான். பிராங்பர்ட் விமான நிலையத்தில் விலங்குகளுக்கென்றே 2008இல் திறந்த அனிமல் லவுஞ்ச் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நாங்கள் காகிதங்களோடு ஜன்னல் ஜன்னலாக அலைந்துகொண்டிருந்தபோது அவனை வெளியே விட்டு, தண்ணீர் காட்டி, அசுத்தமான விரிப்பை மாற்றியிருந்தீர்கள். அவன் எங்களைப் பார்த்து ஊளையிட்டானே தவிர, நடுங்கவில்லை.

அங்கிருந்து பெர்லினுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் நாயை ஏற்றலாம், ஆசாரி அண்ணனின் பெட்டியை ஏற்ற முடியாது. என் கணவரின் புது அலுவலகத்தில் வேலை செய்பவர் ஒருவர் வேன் எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்து நின்றார். பழக்கமில்லாத மனிதருக்காக யாராவது இப்படி வருவார்களா? வழியெல்லாம் முத்து அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தான்.

வீடு தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைக்கவே அலுப்பாக இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் நாயும் பூனையும் அறவே கூடாது என்று பொதுவாக எழுதிவைப்பது செல்லாது என ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சரி, ஆனால் ஒரு வீட்டுக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும் ஊரில் வீட்டுக்காரர் காரணம் சொல்லாமலே நாயில்லாத ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். விண்ணப்பத்தோடு முத்துவின் பயோடேட்டாவையும் வையுங்கள் என்று யோசனை சொன்ன அலுவலகத் தோழிக்கு நன்றி. வயது, எடை, தடுப்பூசி, குணம், சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ. வீட்டுக்கார அம்மா எங்கள் சம்பளச் சீட்டைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

வந்த வீட்டில் சமையலறை என்ற அறை இருந்தது, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. கூரையில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயர். இங்கே பல வீடுகள் அப்படித்தானாம். ஏணியும் டிரில்லும் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்ய இருந்த நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓட்டை போட்டால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும் என்று நீங்களே நினைவு வந்து சனிக்கிழமைக்கு மாற்றினீர்கள். அந்த நாளில்தான் உங்களில் ஒருவர் சின்னுவைப் பார்த்துவிட்டு ஜன்னல்களைப் பார்த்தார். இங்குள்ள ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்துத் திறக்கலாம். பூனை அந்த இடுக்கில் ஏறி வெளியே போகப் பார்த்தால் கீழே சறுக்கி வயிறு மாட்டிக்கொள்ளும், திமிறத் திமிற இன்னும் இறங்கும், பின்னங்கால்கள் செத்துப்போகும், உயிரே போவதும் உண்டு. எங்களுக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. நீங்கள் விளக்கை விட்டுவிட்டு முதலில் பக்கவாட்டுக் கம்பித் தடுப்பு வாங்கி வந்து மாட்டினீர்கள். அன்று ராத்திரி இருட்டில்தான் சாப்பிட்டோம். இதைப் படிக்கிற பூனைக்காரர்கள் யாராவது ஜெர்மனிக்கு வருவதாக இருந்தால், கட்டில் வாங்குவதற்கு முன்பே இந்தத் தடுப்பை வாங்குங்கள்.

தரைத்தளத்துப் பாட்டிக்கு இதை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டப் போகிறேன். தபால்பெட்டியில் உங்கள் சீட்டைப் பார்த்ததும் புகார் என்றுதான் பயந்தோம். "நீங்கள் வெளியே போனால் நாய் அழுகிறது, என்னிடம் விட்டுப் போகலாம்" என்று எழுதியிருந்தீர்கள். இப்போது முத்து மாடிப்படி இறங்கியதும் தெருவுக்குப் போகாமல் உங்கள் கதவைப் பிறாண்டுகிறான்.

கடைசியாக, மளிகைக்கடை யாழ்ப்பாணத்து அண்ணை. நாய் வரிக் கடிதம் வந்தபோது அபராதம் என்று பதறிக்கொண்டு உங்களிடம்தான் வந்தோம். "வருசத்துக்கு 120 யூரோ, எல்லாரும் கட்டுறதுதான், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி, படிவத்தையும் நிரப்பித் தந்தீர்கள். காணாமல் போன செல்லப்பிராணிகளைக் கண்டுபிடிக்க உதவும் டாசோ பதிவேட்டில் சிப் எண்ணை இலவசமாகப் பதியச் சொன்னதும் நீங்கள்தான். டிசம்பர் 31 ராத்திரி இங்கே வெடிக்கிற வெடிக்குத் தீபாவளி தோற்றுவிடும், திரையை இழுத்துவிட்டு, சத்தமாகப் பாட்டுப் போட்டு, வாரைக் கழற்றாமல் வைத்திருங்கள் என்றீர்கள். அப்படியே செய்தோம். முத்து குளியலறையில், சின்னு அலமாரிக்குள், நாங்கள் இருவரும் நடுவழியில். எல்லாரும் பத்திரமாக இருந்தோம்.

பெட்டி கீழே கிடங்கறையில் இருக்கிறது. நடுத்தர உயர நாய்க்குப் பொருந்தும். பெர்லினிலிருந்து நாயோடு ஊர் திரும்புகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காசு வேண்டாம். தூக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும், லிஃப்ட் கிடையாது.

அன்புடன்,
முத்து, சின்னு வீட்டார்