லேம்ப் ரூம் அண்ணனுக்கு

நம் சுரங்கத்துக்குள் சிக்கிக்கொண்ட ஐந்து பேரும் மேலே வந்துவிட்டார்கள். கடைசி ஆளும் நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார். இனியும் தள்ளிப்போட மனம் வராமல், இந்தச் சுரங்கத்தின் மேனேஜராக இதை எழுதுகிறேன்.

மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு முறை வைத்து இறங்கிய மீட்புக் குழு, கேட்காமலே ஆள் அனுப்பிய பக்கத்துச் சுரங்கத்தார், ஆட்களை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவர்கள், யூனியன் தோழர்கள், கேட்டருகே கஞ்சி காய்ச்சிய தாய்மார்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஐந்து குடும்பங்களும் என்னிடம் காட்டிய பொறுமையை நான் மறக்கமாட்டேன்.

அப்புறம், சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துத் தரும் லேம்ப் ரூம் அண்ணன். இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும். தொப்பியில் மாட்டும் விளக்கை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கலாம் என்று மேலே வந்தேன். என் பெல்ட்டிலிருந்த பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டார். வேறொன்று கேட்டேன். தரவில்லை.

"கேப் லேம்ப் இல்லாம யாரும் எறங்கக் கூடாதுன்னு போர்டு வெச்சது நீங்கதானே சார். உங்க விளக்கு ஏறட்டும். அதுவரைக்கும் இப்படிப் படுங்க."

பெஞ்சில் தன் கம்பளியை விரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ரேக் நிறைய விளக்குகள் தயாராக இருந்தன. கோபத்தில் கத்தினேன். அவர் நகரவில்லை.

நான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். எழுந்து, படுக்கும் முன் எழுதி வைத்த உத்தரவை எடுத்துப் படித்தபோது உடம்பு சில்லிட்டது. ஆள் அனுப்ப வேண்டிய லெவலின், அதாவது சுரங்க அடுக்கின், எண்ணையே மாற்றி எழுதியிருந்தேன். சட்டப்படி ஒரு சுரங்கத்துக்கு ஒரே மேனேஜர், இங்கே அது நான். நான் கையெழுத்துப் போட்டால் கீழே ஆள் போகும்.

பிறகுதான் பேசிக்கொண்டோம். அவரும் என்னைப் போலக் கோலார் தங்கவயல்காரர், மாரிகுப்பம். எங்கள் இருவரின் அப்பாவும் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வேலை பார்த்தவர்கள். கீழே பாறை வெடித்தால் மேலே தொழிலாளர் லைன் வீடுகள் அதிரும். அம்மாக்கள் சுரங்க வாயான ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போனோம். இத்தனை வருடம் தினமும் விளக்கு வாங்கியும் அவர் ஊரை நான் கேட்டதில்லை. அது இப்போது வலிக்கிறது.

அண்ணா, இனி ஒரு ஷிப்டுக்கு மேல் நான் கீழே இருந்தால், என் விளக்கையும் பிடுங்கி வைக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. லேம்ப் ரூம் பதிவேட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கம்பளியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன் கொண்டுவருகிறேன்.