மூன்று மாதம் போதும்

கண்ணா,

வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று. வாடகை நீ சொன்னபடியே பதினெட்டாயிரம். அட்வான்ஸ் மட்டும் நீ சொன்னபடி இல்லை. பத்து மாதத்துக்குப் பதில் மூன்று மாதம், 54,000 ரூபாய்தான் வாங்கியிருக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

நங்கநல்லூரில் எல்லாரும் பத்து மாதம் வாங்குகிறார்கள் என்றாய். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. 11-ஆவது பிரிவு. அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே, 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்' என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள். பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமே என்பாய். அந்தச் சந்து வழியாகத்தான் ஊரே போகிறது.

கோர்ட் வாசலில் பதினாறு வருஷம் வாடகைப் பத்திரம் டைப் அடித்தவள் நான். 'மேற்படி முன்பணத்துக்கு வட்டி கிடையாது' என்ற வரியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ. இது என்ன வரி என்று கையெழுத்துப் போட வந்த ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் வீடு கிடைக்காது.

மேற்கு மாம்பலம் வீட்டைக் காலி செய்தது உனக்கு ஞாபகமிருக்காது. 1996, உனக்கு நாலு வயசு. வாசலில் லாரி நிற்கிறது. ஓனர் ஒரு பென்சிலோடு அறை அறையாகப் போய், ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். பதினேழு. அதில் பாதி நாம் குடிவருவதற்கு முன்பே இருந்தவை. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம், குழாய்க்குத் தனியாக. மிச்சத்தை, "புது ஆள் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்றார். நாலு மாதம் ஆயிற்று. புது வீட்டு அட்வான்ஸுக்காக அந்த நாலு மாதமும் என் வளையல் அடகுக் கடையில் இருந்தது. அப்போது அமலில் இருந்த 1960-ஆம் வருஷச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமே வாங்கக் கூடாது. தினமும் பத்திரம் அடித்த எனக்கே அது தெரியாது!

அவர் கெட்டவர் இல்லை. நம் பணத்தைப் போட்டு மாடியில் ஒரு ரூம் எடுத்துவிட்டார், கையில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அட்வான்ஸை வைத்து மாடுலர் கிச்சன் போட்டுவிடலாம் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தப் பென்சில்தான் கண்ணில் வந்தது.

நீ அங்கே எவ்வளவு கொடுத்தாய்? ஐந்து வார வாடகை. இங்கிலாந்திலும் அந்த வரம்பு 2019 ஜூனில்தான் வந்தது. ஓனர் அதைச் சும்மா தன் பையில் போட்டுக்கொள்ள முடியாது, 30 நாளைக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். கார்ப்பெட் கறைக்குப் பிடித்தம் என்று அவர் சொன்னதும் எப்படிக் குதித்தாய்!

வாடகை தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வாய் என்று கேட்பாய். நியாயம்தான். அதற்காகத்தான் அக்ரிமெண்டை வாடகை அதிகாரியிடம் பதிகிறேன். இரண்டு மாத பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்தில் கட்டாவிட்டால், வீட்டைத் திருப்பிக் கேட்டு மனு போடலாம். இரண்டும் ஒன்றும் மூன்று, அதுவரை அட்வான்ஸ் தாங்கும். அதற்கு மேல் வழக்கு இழுத்தால் நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

வந்தவர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று மாதம் என்றதும் அந்தப் பையன், "டோக்கன் அட்வான்ஸா ஆன்ட்டி?" என்றான். மொத்தமே அவ்வளவுதான் என்றேன். அவன் பெண்டாட்டி சந்தேகத்தோடு போய் குளியலறைக் குழாயை இன்னொரு தடவை திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

பணத்தை வங்கியில் தனி டெபாசிட்டாகப் போட்டிருக்கிறேன். அவர்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்ப வேண்டும். அதுவும் அதே 11-ஆவது பிரிவுதான். இப்போது இருக்கும் ஆணி ஓட்டைகளை மூன்று பேருமாகச் சேர்ந்து போட்டோ எடுத்துவிட்டோம்.

கிச்சனை மாற்ற வேண்டுமென்றால் உன் சம்பளத்திலிருந்து அனுப்பு. அவசரமில்லை. கடப்பா கல் மேடை சப்பாத்தி தேய்க்க வசதியாக இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள்.

அம்மா