காலத்தைத் திருப்பும் சீட்டும் பர்மாத் தேக்குத் தூணும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வந்தால் பிள்ளைகள் கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள் என்ற கவலையை வாசகர்கள் பலர் இந்தப் பகுதியில் எழுதிவருகிறார்கள். பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் இந்தக் கோடையில் பெங்களூரிலிருந்து வந்த என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தான். நான்கு நாள்களாக எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. அதைப் பற்றிய என் முதல் எண்ணங்களையும், அதிலிருந்து எழுந்த ஒரு வேண்டுகோளையும் தங்கள் முன் வைக்கவே இக்கடிதம்.

விளையாட்டின் பெயர் குரோனோநாட்ஸ். அமெரிக்காவில் லூனி லேப்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆண்ட்ரூ லூனி என்பவர் வடிவமைத்தார். ஆடுகிறவர்கள் எல்லோரும் காலப் பயணிகள் என்பது கதை. சீட்டு என்றாலே நம் ஊரில் பணம் வைத்து ஆடுவதுதான் நினைவுக்கு வரும் என்பதால், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நடுவீட்டில் சீட்டு விரிப்பதா என்று என் மனைவி முதலில் மறுத்தார். மறுநாள் பிற்பகல் அவரே மூன்றாவது ஆளாக உட்கார்ந்து ஆடினார்.

ஆட்டத்தின் நடுநாயகம் 32 சீட்டுகளால் ஆன காலவரிசை. 1865இல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டதில் தொடங்கி 1999 வரை சீட்டுக்கொரு நிகழ்ச்சியாக, வரிசைக்கு எட்டு வீதம் நான்கு வரிசைகளில் அவற்றைப் பரப்பி வைக்க வேண்டும். மேசையில் இடம் போதவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் வளவுத் (உள்முற்றத்துத்) தரையில் கல்லுக்கு ஒரு சீட்டாக வைத்தபோது, அதற்கென்றே கட்டம் போட்டதுபோல் கச்சிதமாக அமைந்தது. கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சீட்டு பறக்காமல் இருக்க மூலைக்கொரு புளியங்கொட்டை வைத்து ஆடினோம்.

அந்தச் சீட்டுகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையின் ஒரு பக்கத்தில் உண்மையில் நடந்தது இருக்கும். மறுபக்கத்தில் அது வேறு விதமாக முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இருக்கும். 1912இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது, திருப்பினால் தப்பிவிடுகிறது. 1936இல் இட்லர் ஒலிம்பிக் போட்டியைத் தொடங்கிவைக்கிறார், திருப்பினால் கொல்லப்படுகிறார். இவற்றுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயருக்கு நேர் பொருள் அச்சாணி என்பதுதான். தேரோட்டம் பார்த்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. இரண்டாம் வகை, அச்சாணி கழன்றால் ஆட்டம் காணும் சீட்டுகள். நாங்கள் அவற்றை அலைச்சீட்டு என்றோம். ஓர் அச்சாணியைத் திருப்பியதும் அதைச் சார்ந்த அலைச்சீட்டுகளைக் கவிழ்க்க வேண்டும். அவற்றின் பின்பக்கத்தில் நிகழ்ச்சி ஏதும் இல்லை, முரண் என்ற வெற்றிடம் மட்டுமே இருக்கிறது. முன்பு நடந்தது இனி நடந்திருக்க முடியாது, ஆனால் அதற்குப் பதிலாக என்ன நடந்தது என்பது இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். அந்த ஆண்டுக்குப் பொருத்தமான மாற்று நிகழ்ச்சி எழுதிய ஒட்டுச்சீட்டு கையில் இருப்பவர் அதை அந்த இடத்தில் வைத்துக் காலத்தைத் தைக்கலாம். அப்படி ஒட்டுப் போட்டவருக்கு ஒரு சீட்டு கூடுதலாகக் கிடைக்கும்.

எத்தனையோ ஆண்டுகள் வகுப்பறையில் காரணம், விளைவு என்று கரும்பலகையில் இரண்டு பத்தி பிரித்து எழுதிப்போட்டிருக்கிறேன். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். ஒரு நிகழ்ச்சியை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் நல்லது தானாக வந்து உட்கார்ந்துவிடாது, முதலில் ஓர் ஓட்டைதான் விழும், அதை யாராவது பொறுப்பெடுத்து அடைக்க வேண்டும் என்பதை இவ்வளவு கண்கூடாக என்னால் ஒரு நாளும் காட்ட முடிந்ததில்லை. 1936ஆம் சீட்டை ஆசையோடு திருப்பிய பதினொரு வயதுச் சிறுமி, பின்னால் வரிசையாகச் சீட்டுகள் கவிழ்வதைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஒரே நேரத்தில் 13 முரண்கள் திறந்து கிடந்தால் பிரபஞ்சமே அழிந்து எல்லோரும் தோற்றதாகக் கணக்கு என்று விதி இருப்பதால், எதிராளியின் ஓட்டையையும் நாம் அடைக்க வேண்டிய நிலை வருகிறது. என்னைப் பெரிதும் கவர்ந்த விதி அதுதான்.

வெல்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் இரகசியமாக ஓர் அடையாளச் சீட்டு தரப்படுகிறது. அதில் குறித்த மூன்று நிகழ்ச்சிகளும் அதில் சொன்னபடி அமைந்தால் அவர் தம் சொந்தக் காலத்துக்கு வீடு திரும்பலாம். குறிப்பிட்ட மூன்று அரும்பொருள்களைச் சேர்ப்பது இன்னொரு வழி, கையில் பத்துச் சீட்டு சேர்ப்பது மூன்றாவது வழி. பின்னிரண்டும் அதிர்ஷ்டத்தைப் பெரிதும் நம்பியவை என்பதால் என் மனத்தில் நிற்கவில்லை. முதல் வழி நின்றது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஒருவர் வீடு திரும்ப ஒரு கொலை நடந்தே ஆக வேண்டும், அடுத்தவருக்கு அதே கொலை தடுக்கப்பட வேண்டும். பிள்ளைகளோடு ஆடும்போது பெரியவர் ஒருவர் உடனிருந்து, இந்தச் சீட்டுகளில் இருப்பது உண்மையான மனிதர்களின் மரணம் என்று சொல்லிக்கொண்டே ஆடுவது அவசியம் என்று கருதுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், பேரன் படித்து நான் தமிழில் சொல்லி முதல் ஆட்டம் தொடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காலவரிசை முழுக்க அமெரிக்கக் கண்ணோட்டத்தில் அமைந்தது. அமெரிக்கர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஆட்டம் என்பதால் அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் எங்கள் வீட்டுத் தரையில் அந்தச் சீட்டுகள் கிடந்தபோது, இந்த வீட்டையே எழுப்பிய நிகழ்ச்சிகளுக்கு அதில் இடமில்லையே என்ற எண்ணம் எனக்கு ஓயவில்லை. மூன்றாம் நாள், பெட்டகசாலையில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு காலவரிசை எழுதத் தொடங்கினோம்.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவை, அதாவது அதன் தென்பகுதியை, கைப்பற்றியது முதல் அச்சாணி. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது இரண்டாவது. ஐராவதி வடிநிலத்தில் காட்டைத் திருத்தி நெல் விளைவித்த உழவருக்கு முதலீடு தேவைப்பட்டது. கொண்டு விற்கப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அந்தக் கடனைக் கொடுத்தார்கள். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, முகப்புத் தூணில் சாய்ந்திருந்த பேரன் திரும்பி அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்து, "ஐயா, 1852ஐத் திருப்பினா இந்தத் தூண் இருக்குமா?" என்று கேட்டான். பர்மாத் தேக்குத் தூண் அது, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால் விரல் நுனி எட்டாது. நான் சற்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மௌல்மீன் பகுதி 1826லேயே ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது, தேக்கு அங்கிருந்தும் வந்தது. ஆகவே தூண் ஒருவேளை தப்பும். தூணை வாங்கிய பணம் தப்பாது. அவன் உடனே 1852இன் கீழ் ஓர் அலைச்சீட்டு எழுதி 'எங்கள் வீடு' என்று பெயர் வைத்தான்.

1914இன் சீட்டில் செப்டம்பர் 22 அன்று எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியதை எழுதினோம். அன்று தீப்பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டு முதல் உலகப் போர் மூளாமல் இருந்திருந்தால் அந்தக் கப்பல் வந்திருக்காது. மடக்க முடியாத ஆளை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கும் தமிழில் பிறந்திருக்காது. எங்கோ ஒரு தெருவில் சுட்ட தோட்டா நம் பேச்சுவழக்கு வரை வந்து சேர்ந்திருப்பதைக் கேட்டுப் பிள்ளைகள் அடைந்த வியப்பைச் சொல்லி முடியாது.

1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியைத் தொட்டதும் ஆட்டம் கனத்துவிட்டது. நெல் விலை சரிந்தது, உழவரால் கடனைத் திருப்ப முடியவில்லை, ஈடாக வைத்த நிலங்கள் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் 6 விழுக்காடு நிலம் அவர்கள் கையில் இருந்தது, 1938இல் அது 25 விழுக்காடு ஆயிற்று. ரொக்கமாகப் பெருக வேண்டிய முதல் வயலாக முடங்கியதில் நகரத்தாருக்கு மகிழ்ச்சி இருந்திருக்க முடியாது. நிலத்தை இழந்த பர்மியரின் கோபத்திலும் நியாயம் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே சீட்டில் எழுத முடியாமல் இரண்டு சீட்டாக எழுதினோம். நம் செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்க வரும் பயணிகளுக்குத் தேக்கையும் முட்டை கலந்த சுவர்ப் பூச்சையும் பற்றிச் சொல்லும் நாம், இந்த இரண்டாவது சீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச் 8 அன்று நகரம் வீழ்ந்தது. அங்கே ஒரு கடையில் அடுத்தாளாக (முதலாளியின் முகவருக்கு உதவியாளராக) இருந்த என் ஐயா, மலையும் காடும் கடந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். அவர் கொண்டுவந்தவற்றில் எஞ்சியிருப்பது கடை இரும்புப் பெட்டியின் சாவி ஒன்றுதான். பெட்டி அங்கேயே போய்விட்டது. சாவியை இன்றும் சாமி வீட்டில் வைத்திருக்கிறோம். மனைவி அதை எடுத்துவந்து பேரன் கையில் கொடுக்க, அவன் எங்கள் ஆட்டத்தின் முதல் அரும்பொருளாக அதை 1942ஆம் சீட்டின் மேல் வைத்தான். அதன் பிறகு அந்தச் சீட்டுக்குப் புளியங்கொட்டை தேவைப்படவில்லை.

எங்கள் வரிசையில் 1947க்கு வந்தபோதுதான் மூல ஆட்டத்தின் பெரிய குறை எனக்குப் புலப்பட்டது. அதன் அச்சாணிகள் பெரும்பாலும் கொலைகளும் விபத்துகளும் போர்களுமே. சென்னையில் ஒரு கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. இலட்சுமணசுவாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதைக் கேட்டிருந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் அந்த ஆண்டே காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. யாரும் சுடப்படவில்லை, எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஒருவர் பேசினார், ஒருவர் கேட்டார். அந்தச் சீட்டைத் திருப்பினால் இந்த வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் முதல் பட்டதாரி கவிழ்ந்துபோவார் என்று எண்ணிப் பாருங்கள். என் தம்பி, என் மனைவி, நான் என்று மூன்று சீட்டுகளை எங்கள் வீட்டிலேயே கவிழ்க்க வேண்டியிருந்தது. மூன்று ஓட்டைகளுக்கும் ஒட்டுச்சீட்டு எழுதத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் ஒரு பக்கத்தை மட்டும் ஒதுக்கி, வெட்டி எடுக்கும்படியாக 32 வெற்றுக் கட்டங்களை அச்சிட்டுத் தாருங்கள். ஆண்டு எழுத மேல் மூலையில் இடமும், எந்தச் சீட்டைச் சார்ந்தது என்று குறிக்கக் கீழே ஒரு கோடும் இருந்தால் போதும். அமெரிக்க ஆட்டத்தின் சீட்டுகளையோ படங்களையோ எடுத்துப் போட வேண்டியதில்லை, அது அவர்கள் உழைப்பு. கீழக்கரைப் பிள்ளைகள் கடலை எழுதட்டும், சிவகாசிப் பிள்ளைகள் அச்சகத்தை எழுதட்டும், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் பாட்டன் கப்பலேறிய ஆண்டை எழுதட்டும். வீட்டில் பெரியவர்களைக் கேட்காமல் அந்தக் கட்டங்களை நிரப்ப முடியாது. தாள் மட்டும் சற்றுத் தடிமனாக இருந்தால் நல்லது. கல்யாணப் பத்திரிகை எல்லா வீட்டிலும் இவ்வளவு கிடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.