அப்பாவைச் சிரிக்க வைத்த தம்பிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

ஒப்பரேஷன் முடிந்து அப்பா மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கல்லடிப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் எனக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத மனமில்லை.

இரத்தம் கொடுத்தவர்கள், சாமத்தில் ஆட்டோவோடு காத்து நின்ற அண்ணன், அம்மாவுக்குத் துணையாக வந்து படுத்த பக்கத்து வீட்டு அக்கா, மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த மாமி, கேட்காமலே காசு அனுப்பிய வெளிநாட்டுச் சொந்தங்கள், போதனா வைத்தியசாலை டொக்டர்மார், தாதிமார், சிற்றூழியர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவருக்கு மட்டும் தனியாக எழுத வேண்டும். பக்கத்துக் கட்டிலில் தன் வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த காத்தான்குடித் தம்பிக்கு.

ஒப்பரேஷனுக்குப் பிறகு அப்பா யாரோடும் பேசவில்லை. கஞ்சியைத் தொடவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார். நாங்கள் சொன்ன ஆறுதல் எதுவும் ஏறவில்லை. ஒரு இரவு அந்தத் தம்பி கதிரையை இழுத்துப் போட்டு, இயர்போனின் ஒரு பக்கத்தை அப்பாவின் காதில் வைத்தார். "ஐயா, கொஞ்சம் பாருங்க. புடிக்கல்லெண்டா நிப்பாட்டுவம்."

தமிழ் சினிமாவின் வழக்கங்களையே கிண்டல் செய்து 2010இல் சி.எஸ். அமுதன் எடுத்த 'தமிழ்ப் படம்' அது. மிர்ச்சி சிவா நாயகன். அப்பா தியேட்டர் காலத்து ரசிகர். கள்ளிப்பால், பஞ்ச் வசனம், நண்பர் கூட்டம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் அந்தப் படம் அவரிடம் வேலை செய்தது என்று நினைக்கிறேன். கிண்டல் செய்யப்படுவதை நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கிண்டல் முழுதாகப் போய்ச் சேரும். எம்.எஸ். பாஸ்கரும் மனோபாலாவும் வெண்ணிற ஆடை மூர்த்தியும் சிவாவின் கல்லூரித் தோழர்களாக வந்ததும், "இவனுகளுக்கு என்ட வயசு மனே!" என்றார் அப்பா. பல நாளுக்குப் பிறகு வந்த பேச்சு அது. அப்புறம் தையல் போட்ட இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு வந்த தாதி, திட்டாமல் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். விடிந்ததும் அப்பா பிளேன்டீ கேட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் சிவாதான். வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர், 2007இல் 'சென்னை 600028', அடுத்த வருடம் 'சரோஜா', 2012இல் 'கலகலப்பு', ரஜினி நடித்த 'தில்லு முல்லு'வின் 2013 மறு ஆக்கம், 2018இல் 'தமிழ்ப் படம் 2' என்று தம்பி வரிசையாகச் சொல்லுவார். சிவாவுக்கு நடிக்க வராது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எவ்வளவு அபத்தமான வசனமாக இருந்தாலும் அதை உண்மையென்று நம்பியவர்போல, முகம் கோணாமல், குரலை உயர்த்தாமல் சொல்கிறார். தான் சிரித்துவிட்டால் படமே கவிழ்ந்துவிடும். அந்தக் கட்டுப்பாடு சின்ன விஷயமில்லை.

தம்பி, உங்களிடமும் அதையே பார்த்தேன். வாப்பாவின் ரிப்போட் வந்த அன்றும் முகத்தில் எதையும் காட்டாமல் அப்பாவிடம் வந்து, "இண்டைக்கு எந்தப் படம் ஐயா?" என்று கேட்டீர்கள். வெளியே வராந்தாவில் நீங்கள் தனியே நின்றதை நான் கண்டேன். அன்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்: உங்கள் வாப்பாவுக்கு இரத்தமோ, இரவில் ஒரு ஆள் துணையோ தேவைப்பட்டால் முதல் அழைப்பு எனக்கு வர வேண்டும். ஆள் இல்லாமல் கிடக்கும் நோயாளி யாரைக் கண்டாலும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருப்பேன் என்று எனக்குள்ளே நேர்ந்துகொண்டும் விட்டேன்.

ராம் இயக்கத்தில் சிவா ஒரு தகப்பனாக நடித்த 'பறந்து போ'வை அப்பா இன்னும் பார்க்கவில்லை. உங்களோடுதான் பார்ப்பாராம். அடுத்த கிளினிக்குக்கு காலையிலேயே வந்துவிடுவோம், வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். வாப்பாவுக்கு உப்புக் குறைத்துச் சமைக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.