வறுமைக்குப் புறக்கணிப்பு என்று பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகள், பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு குடும்பங்களில் வைக்கும் வளர்ப்புப் பராமரிப்பில் மிகுதியாக இருப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த பழைய உறைவிடப் பள்ளிகள் விட்டுச்சென்ற வடுவை அது பொறுப்புடன் எடுத்துரைத்தது. ஆயினும் அந்த வடுவோடும் மதுப் பழக்கத்தோடும் காரணங்களை முடித்துக்கொண்டது சரியன்று. குழந்தைகள் பாதுகாப்பில் சில ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்தவன் நான். அரசின் பணம் எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2021ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு, வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் அவ்வயதினரிலோ 53.8 விழுக்காடு. இவர்களெல்லாம் வீட்டில் அடிபட்டு மீட்கப்பட்டவர்கள் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அப்படிப்பட்ட பிள்ளைகளும் உண்டு, அவர்களை உடனே அழைத்து வரத்தான் வேண்டும். ஆனால் கோப்புகளில் நான் அதிகம் கண்ட சொல் ‘புறக்கணிப்பு’. ஒழுகும் கூரையும் நெரிசலான வீடும் குடிக்கத் தகாத நீரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஒருமுறை, படிவத்தில் ‘போதிய உறைவிடம் இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, வீட்டைச் சீராக்கப் பணம் கேட்டேன். அதற்கு நிதித் தலைப்பே இல்லை என்றார்கள். அதே பிள்ளையைத் தொலைவில் உள்ள வளர்ப்புக் குடும்பத்தில் சேர்த்தபோது, கட்டிலிலிருந்து பயணச் செலவு வரை மறுபேச்சின்றிக் கிடைத்தது. அடுத்த தெருவில் இருந்த பாட்டி பேரனை வைத்துக்கொள்ள ஆயத்தமாக இருந்தார். அவர் வீட்டில் ஓர் அறை குறைவு என்று தள்ளிவிட்டோம். ‘தள்ளிவிட்டார்கள்’ என்று எழுத எனக்கு உரிமையில்லை.

இது ஓர் அலுவலகத்தின் குறையன்று. பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான முதற்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் இச்சேவைக்கு நிதி வழங்குவது நடுவண் அரசு. பிரிக்கப்பட்ட பிள்ளையின் பராமரிப்புச் செலவை முழுமையாக ஈடுசெய்த அதன் பழைய நிதி விதி, பிரிவைத் தடுக்கும் பணிகளுக்கு மட்டும் வரம்பு கட்டியிருந்தது. 2007இல் தொடுக்கப்பட்ட முறையீட்டின் மீது, இந்த நிதி முறை பிள்ளைகளைப் பிரிக்கவே தூண்டுகிறது என்றும், இது இனப் பாகுபாடு என்றும் 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் முடிவுரைத்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமான ஏறத்தாழ 2,334 கோடி டொலர் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைக்க 2023 ஆகிவிட்டது. முறையீடு தொடுக்கப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது பதினாறு.

2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பூர்வகுடிக் குழந்தைகள் சட்டத்தைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு வியப்பளித்தது. வறுமை, போதிய வீடின்மை, பெற்றோரின் உடல்நிலை ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று அது தெளிவாகக் கூறுகிறது. வேறிடத்தில் வைக்க நேர்ந்தால் முதலில் பெற்றோர், அடுத்து உறவினர், அதன்பின் அதே சமூகத்தவர் என்று வரிசையும் வகுத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்று உறுதிசெய்தது.

ஆகவே, வளர்ப்புக் குடும்பங்களை இன்னும் ஏராளமாகத் திரட்ட வேண்டும் என்ற கட்டுரையின் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. திரட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் அந்தப் பாட்டியின் வீட்டுக்கு ஓர் அறை கட்டித் தந்திருக்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் சமூகப் பணியாளர் ஒருவர், கனடா