தெரிந்தே நடத்திய போர்

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு மூட்டு வலி குறைந்து, காலையில் மறுபடி நடக்கப் போகிறார்.

ஹோசிமின் நகரில் வியட்நாம் போர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவு பெரிய அமெரிக்கா எப்படிம்மா தோத்துச்சு?" என்று கேட்டாய். வரலாறு நடத்தியவளிடம் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் போனை வைத்தால் எப்படி? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காட்டுச் சண்டை தெரியாது, எதிரி சுரங்கத்தில் ஒளிந்தான் என்றெல்லாம் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என் மனசு ஆறாத விஷயம் வேறு. இந்தப் போரில் ஜெயிப்பது கஷ்டம் என்று வாஷிங்டனில் இருந்த முக்கியமானவர்கள் சிலருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்தும் ஊரார் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

முதல் கோணல் 1954-இல். வியட்நாமை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தியன் பியன் பூ என்ற இடத்தில் தோற்றதும் ஜெனீவாவில் ஒப்பந்தம் ஆயிற்று. நாட்டைத் தற்காலிகமாக இரண்டாகப் பிரிப்பது, 1956-இல் தேர்தல் நடத்தி ஒன்று சேர்ப்பது என்று முடிவு. அதைக் கண்காணித்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தது நம் இந்தியா; கனடாவும் போலந்தும் கூட இருந்தன. தேர்தல் வைத்தால் வடக்கின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோசிமின்தான் வருவார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், தெற்கை ஆண்ட நியோ டின் டியெம் மறுத்தார், அமெரிக்கா அவருக்கு முட்டுக்கொடுத்தது. டியெம் கிராம சபைத் தேர்தல்களையும் நிறுத்திவிட்டுத் தன் ஆட்களை நியமித்தார். பௌத்தர்கள் நிறைந்த நாட்டில் அவர்களையே பகைத்துக்கொண்டார். 1963-இல் திக் குவாங் டுக் என்ற துறவி தெற்கின் தலைநகர் சைகோனில் ஒரு நாற்சந்தியில் தீக்குளித்தார். அந்த நவம்பரிலேயே, அமெரிக்காவுக்குத் தெரிந்தே நடந்த ராணுவப் புரட்சியில் டியெமும் கொல்லப்பட்டார். அதற்கப்புறம் சைகோனில் அரசுகள் வந்த வேகத்தில் கவிழ்ந்தன. சொந்த ஜனங்களே நம்பாத ஓர் அரசாங்கத்தை வெளியிலிருந்து எத்தனை லட்சம் சிப்பாய்கள் வந்தால் காப்பாற்ற முடியும்?

இந்தக் கேள்வியை வாஷிங்டனிலேயே ஒருத்தர் கேட்டார். வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஜார்ஜ் பால். 1965 ஜூலையில் ஜனாதிபதி ஜான்சனுக்கு எழுதிய குறிப்பில், உயிர்ச்சேதம் பெரிதாகிவிட்டால் அப்புறம் மானப் பிரச்சினையாகிவிடும், பாதியில் விலகவே முடியாது என்று தெளிவாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அதே வருஷம் மார்ச்சில் பாதுகாப்புத் துறையின் ஜான் மெக்நாட்டன், போரின் நோக்கத்தைச் சதவீதம் போட்டே எழுதினார்: அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70, சீனாவின் கையில் போகாமல் தடுக்க 20, தெற்கு வியட்நாம் மக்கள் நல்வாழ்வுக்கு 10. அந்தப் பத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 1965 முடியும்போது அங்கே இறந்திருந்த அமெரிக்கர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. கடைசியில் வாஷிங்டன் நினைவுச் சுவரில் ஏறிய பெயர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாமியர் பக்கம் லட்சக்கணக்கில்.

பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா ஃபோர்டு கார் கம்பெனியை நடத்திய கணக்குப் புலி. தளபதி வெஸ்ட்மோர்லண்டின் திட்டமும் ஒரு கணக்குதான்: எதிரி ஆள் சேர்ப்பதைவிட வேகமாக அவன் ஆட்களைக் கொன்றுவிட்டால் அவனே ஓய்ந்துவிடுவான். அதனால் பிணங்களின் எண்ணிக்கைதான் வெற்றிக்கு அளவுகோல். எண்ணிக்கை காட்டும் அதிகாரிக்குப் பதவி உயர்வு என்றால் என்ன ஆகும்? நீ போகப்போவதாகச் சொன்ன பென் ட்ரே, மீகாங் டெல்டா பக்கம் 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை அமெரிக்க ராணுவத்தின் ஒன்பதாவது டிவிஷன் ஒரு பெரிய நடவடிக்கை எடுத்தது. கிட்டத்தட்ட 11,000 எதிரிகளைக் கொன்றதாக அறிக்கை. கைப்பற்றிய ஆயுதங்கள் 748. மிச்சப் பேர் கையில் என்ன இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். வயலில் நின்றவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

உயிரோடு இருந்த எதிரிகளை எண்ணியதிலும் இதே கதை. 1967-இல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வின் ஆய்வாளர் சாம் ஆடம்ஸ், ராணுவம் சொல்வதைவிட எதிரியின் பலம் மிக அதிகம் என்று வாதாடினார். மூன்று லட்சத்தைத் தாண்டினால் பத்திரிகைகள் கிழித்துவிடும் என்ற பயத்தில், கிராமக் காவல் படைகளைக் கணக்கிலிருந்தே ராணுவம் எடுத்துவிட்டது. நவம்பரில் வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனுக்கு வந்து, முடிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றார். இரண்டரை மாதத்தில், டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு சமயத்தில், வடக்குப் படையும் தெற்கில் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களான வியட்காங்கும் சேர்ந்து தாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் சண்டை, சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு. ராணுவ ரீதியில் அதில் பலத்த அடி வாங்கியது வியட்காங்தான். எதிர்பார்த்த மக்கள் எழுச்சியும் வரவில்லை. ஆனால் அமெரிக்க ஜனங்கள், இத்தனை நாள் நமக்குச் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மார்ச் கடைசியில், மறுபடி போட்டியிடமாட்டேன் என்று ஜான்சன் அறிவித்தார்.

மெக்னமாரா அதற்கு முன்பே, 1967 நவம்பரில், குண்டுவீச்சை நிறுத்துங்கள், படையைக் கூட்டாதீர்கள் என்று ஜான்சனுக்கு ரகசியமாக எழுதிக் கொடுத்தார். அப்புறம் உலக வங்கிக்குத் தலைவராகப் போய்விட்டார், வாயைத் திறக்கவில்லை. தவறு செய்துவிட்டோம் என்று புத்தகத்தில் எழுதியது 1995-இல். இந்த மௌனத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அவர் 1968-இலேயே பேசியிருந்தால்? ஜான்சனுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி நிக்சன் காலத்தில் மட்டும் இன்னும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள், கம்போடியாவும் போருக்குள் இழுக்கப்பட்டது. 1973-இல் கையெழுத்தான ஒப்பந்தமோ வடக்குப் படைகள் தெற்கிலேயே இருக்கலாம் என்று விட்டது. இரண்டு வருஷத்தில் சைகோன் விழுந்தது.

ஒன்று மட்டும். அருங்காட்சியகத்தில் நீ பார்த்தது ஒரு பக்கம். 1968-இல் ஹுவே நகரில் வடக்குப் படையும் வியட்காங்கும் சாதாரண ஜனங்களைக் கொன்று புதைத்தார்கள். 1975-க்குப் பிறகு எத்தனையோ பேர் முகாம்களில் அடைபட்டார்கள், படகேறி ஓடியவர்களும் லட்சக்கணக்கில். உன் ஆபீஸில் இருப்பவர்களின் தாத்தாக்கள் எந்தப் பக்கம் நின்றார்களோ, உனக்குத் தெரியாது. அவர்களாகப் பேசினால் பொறுமையாகக் கேள், நீயாகப் போய்த் தோண்டாதே. பென் ட்ரே போய்விட்டு வந்ததும் போன் பண்ணு, அப்பாவும் கேட்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா