கட்சிகள் கூடியதா குற்றம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நம் சிங்கப்பூரின் அண்டை நாட்டு அரசியலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, காப்பிக்கடையில் ஒருவராவது “கட்சிங்க கூடிப்போச்சு, அதான் இவ்வளவு தொல்லை” என்பார். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது முடியவில்லை. மக்கள் ஓட்டுப் போட்ட கட்சியை உயிரோடு விடாததுதான் அங்கே பெரிய வியாதி.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மியன்மாரின் (பர்மா) மோல்மின் நகரில் பிறந்த தமிழர். அந்நாட்டின் 2020 தேர்தலுக்கு இங்குள்ள மியன்மார் தூதரகத்திலேயே முன்கூட்டி ஓட்டுப் போட்டார். குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற படம் இன்னும் அவர் கைப்பேசியில் இருக்கிறது. அவர் ஆதரித்த தேசிய ஜனநாயக லீக், ஆங் சான் சூச்சியின் கட்சி, இரு அவைகளிலும் சேர்த்து 396 இடங்களை வென்றது. புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1ஆம் தேதி விடிகாலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2023 ஜனவரியில் ராணுவம் புதுச் சட்டம் போட்டு, கட்சிகள் 60 நாளுக்குள் மறுபடி பதிய வேண்டும் என்றது. தலைவர்கள் சிறையில் இருக்க, லீக் பதிய மறுத்தது. மார்ச் முடிவதற்குள் 40 கட்சிகள் கலைக்கப்பட்டன.

“தோத்துப்போயிருந்தா பரவாயில்ல தம்பி, அடுத்த தடவை பாத்துக்கலாம். கட்சியே இல்லேன்னுட்டா என்ன பண்றது?” என்று அக்கா கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தாய்லாந்தில் இதையே நீதிமன்றம் செய்தது. 2023 மே தேர்தலில் 500 இடங்களில் 151 பிடித்து முதலில் வந்தது ‘மூவ் ஃபார்வர்ட்’ கட்சி. அதன் தலைவர் பிரதமராக முடியாதபடி, ராணுவம் நியமித்த மேலவை குறுக்கே நின்றது. மறு ஆண்டு ஆகஸ்ட்டில் அரசமைப்பு நீதிமன்றம் கட்சியையே கலைத்தது. மன்னரை அவமதிப்போரைத் தண்டிக்கும் சட்டத்தைத் திருத்துவோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்டதுதான் காரணம். அதற்கு முந்திய ‘ஃபியூச்சர் ஃபார்வர்ட்’ கட்சியையும் இதே நீதிமன்றம் 2020இல் கலைத்திருந்தது. கம்போடியாவில் 2017 நவம்பரில் பிரதான எதிர்க்கட்சி கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 125 இடங்களும் ஆளுங்கட்சிக்கே போயின. 1993இல் ஐநா மேற்பார்வையில் பத்தில் ஒன்பது வாக்காளர்கள் திரண்டு வந்து ஓட்டுப் போட்ட நாடு அது!

கட்சிகள் கூடினால் நாடு கெடும் என்பவர்கள் இந்தோனீசியாவைப் பார்க்கட்டும். 1999இல் 48 கட்சிகள் போட்டியிட்டன, நாடு உடைந்துவிடவில்லை. மலேசியாவில் 2018 மே முதல் 2022 கடைசிவரை நான்கு பேர் பிரதமரானார்கள். கட்சித் தாவல் சலிக்கவே வைத்தது, சரிதான். ஆனாலும் ராணுவம் பாசறையை விட்டு வெளியே வரவில்லை. தாவலைத் தடுக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இந்த நாடுகளின் தேர்தல் செய்தி போடும்போது, யார் எத்தனை இடம் பிடித்தார் என்பதோடு, யாரைப் போட்டியிடவே விடவில்லை என்பதையும் அதே பத்தியில் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்